தாரா வேட்டைக்குத் துவக்கு, தோட்டா, குறி: ஊரில் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

கனடாவில் ஒன்ராறியோவில் கன காலம் இருந்தவன் நான். இலையுதிர் காலம் வந்தால் லைசன்ஸோடு தாரா வேட்டைக்குப் போய் வந்தவன். இப்போது இலங்கைக்குத் திரும்பி, வன்னியில் மாங்குளப் பக்கம் வயலோடு இருக்கிறேன். கனடாவுக்குப் போகப்போகிற பிள்ளைகளும், போய்விட்ட மருமக்களும், பழைய துவக்கு வைத்திருக்கிற அயல் கமக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இடையிடையே பனைமரம் வரும், அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் இதைச் சொல்லுங்கள் அண்ணை, இரணைமடுவிலோ கட்டுக்கரையிலோ தாரா சுடலாமா?

சுடக்கூடாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்கு 2009 இல் வந்த திருத்தமும் இருக்கின்றன. விதிவிலக்காகப் பட்டியலிட்ட சில இனங்களைத் தவிர இந்த நாட்டுக் காட்டுப் பறவைகள் எல்லாம் அவற்றால் பாதுகாக்கப்பட்டவை. குளத்தில் வருடம் முழுக்க நிற்கிற சீழ்க்கைத் தாராவும் சரி, மாரியோடு வடக்கே இருந்து வருகிற ஊசிவாலும் நீலச்சிறகியும் சரி, எதற்கும் துவக்கு நீட்ட முடியாது. கட்டுக்கரைக் குளம், கொக்கிளாய், வங்காலை எல்லாம் சரணாலயங்கள், வங்காலை 2010 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாகவே ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் இந்தப் பக்கக் குளங்களில் தாரா சுட்டது உண்மைதான், அந்தக் கதையை இன்றைக்கு ஒரு நியாயமாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கீழே துவக்கு பற்றி வருகிறதெல்லாம் கனடா போல, பருவமும் அனுமதியும் வைத்து வேட்டையை நடத்துகிற நாடுகளுக்கு.

வயலில் தாரா இறங்கி நெல்லை மிதிக்குது. பயிர்ப் பாதுகாப்புக்குத் தந்த லைசன்ஸ் துவக்கு இருக்குதே?

துவக்குக்குத்தான் லைசன்ஸ், தாராவுக்கு இல்லை. சுடுகலன் சட்டம் (1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கம்) உங்களைத் துவக்கு வைத்திருக்க விடுகிறது, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் சொல்கிறது, அவ்வளவுதான். எதைச் சுடலாம் என்பது வேறு சட்டம். தாரா கூட்டத்துக்கு வெடிச்சத்தமோ தகரத்தில் தட்டுகிற சத்தமோ போதும், அதுவும் விதைத்த முதல் கொஞ்ச நாளுக்குத்தான். ஊரில் செய்கிற இடியன் துவக்கு, மிருகம் இடறினால் வெடிக்கக் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு பற்றி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அதில் விரலையும் காலையும் இழந்தவர்கள் நம்மூரிலேயே இருக்கிறார்கள்.

மகன் ரொறன்ரோ போய்ச் சேர்ந்துவிட்டான், வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறான். துவக்கு வாங்க முன் என்ன வேண்டும்?

சுடுகலன் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துச் சோதனையில் தேற வேண்டும். பிறகு பிஏஎல் என்கிற லைசன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வயது 18, முதல் முறை விண்ணப்பிக்கிறவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு, கிடைத்தால் 5 வருடம் செல்லும். அது துவக்கு வைத்திருக்கத்தான். வேட்டைக்கு ஒன்ராறியோவில் வேட்டைக்காரர் பயிற்சி தனி, அவுட்டோர்ஸ் கார்ட், சிறு வேட்டை லைசன்ஸ், அதோடு வலசைப் பறவைகளுக்கான மத்திய அரசின் அனுமதிச் சீட்டும் அதற்குரிய முத்திரையும். பறவை எண்ணிக்கை வரம்பும் பருவத் திகதிகளும் மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் மாறும், போன வருடத் தாளை நம்பிப் போகக்கூடாது. தடைசெய்த துவக்குகளின் பட்டியலும் 2020 க்குப் பிறகு பலமுறை நீண்டிருக்கிறது, வாங்க முன் பாருங்கள்.

இன்னொன்று: வலசைப் பறவைக்கு வைத்திருக்கிற துவக்கில் குழலுக்குள்ளும் மகஸினுக்குள்ளும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் போகக்கூடாது. மகஸினுக்குள் ஒரு கட்டையைப் போட்டு மறித்திருப்பார்கள். பழைய துவக்கு வாங்கினால் அந்தக் கட்டை உள்ளே இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும், அதிகாரி கழற்றிப் பார்க்கும்போது அல்ல.

எந்தத் துவக்கு நல்லது? பம்ப், செமி ஓட்டோ, இரட்டைக்குழல் என்று குழப்புகிறார்கள்.

முதல் துவக்குக்கு பம்ப். ரெமிங்டன் 870, மொஸ்பேர்க் 500 இரண்டும் இப்போதைய பிள்ளைகளின் தாத்தாமார் காலத்து வடிவம். முதலாவது 1950 இல் வந்தது. சேறு, மழை, உறைபனி எதிலும் வேலை செய்யும், பாவித்தது மலிவாகக் கிடைக்கும், உதிரிப்பாகம் எங்கும் இருக்கும். குறை என்ன என்றால் ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும், பதற்றத்தில் அரைவாசி இழுத்துவிட்டு அடுத்த தோட்டா ஏறவில்லை என்று துவக்கைத் திட்டுகிறவர்கள் கனபேர்.

செமி ஓட்டோவில் தோள் இடி குறைவு, முக்கியமாக வாயுவால் இயங்குகிற வகையில். பெனெல்லி போல, துவக்கின் பின்னுதைப்பாலேயே இயங்குகிற வகை சுத்தமாக இருக்கும், லேசாக இருக்கும், ஆனால் இடி அதிகம். இரண்டிலும் எண்ணெயை அள்ளிப் பூசினால் குளிரில் அது களியாகி இயக்கம் மந்தமாகும், நவம்பர் விடியலில் துவக்கு இருமுகிறதென்றால் முக்கால்வாசி அதுதான். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கின இரட்டைக்குழல் அழகானது, இரண்டு குழலுக்கும் வேறு வேறு சோக் (வாயை ஒடுக்குகிற துண்டு, கீழே வருகிறது) போடலாம், திறந்து வைத்தால் வெறுமையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். படகில் நாலு பேர் போகும்போது அது பெரிய நிம்மதி. விலையைப் பார்த்தால் அந்த நிம்மதி போய்விடும்.

குழல் 26 அல்லது 28 அங்குலம். நீளக் குழல் தூரம் அடிக்கும் என்பது ஊர்க்கதை. நீளக் குழல் ஒரே சீராக வீசும், அதனால்தான் 28 எனக்குப் பிடிக்கும்.

12 போரா, 20 போரா?

போர் என்பது குழல் துளையின் அளவு, நம்பர் குறைந்தால் துளை பெரிது. தாராவுக்கு 12. சன்னம் என்பது தோட்டாவுக்குள் இருக்கிற சிறு குண்டுகள். ஈயச் சன்னம் ஏன் கூடாது என்று கீழே வருகிறது, அதற்குப் பதிலாகப் போடுகிற இரும்புச் சன்னம் ஈயத்தைவிட இடம் அதிகம் பிடிக்கும், பெரிய தோட்டா வேண்டும், 12 இல் தெரிவும் அதிகம், விலையும் குறைவு. மெல்லிய உடம்புக்காரருக்கும் புதிதாகப் பழகுகிற பெண் பிள்ளைகளுக்கும் 20 மோசமில்லை, 30 யார் (கெஜம்) தூரத்துக்குள் நின்றால் போதும்.

ஆனால் ஒரு வீட்டில் இரண்டும் இருந்தால் கவனம். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் தவறி விழுந்தால் கொஞ்சம் உள்ளே போய்ச் சிக்கி நிற்கும், பார்த்தால் துவக்கு வெறுமையாகத் தெரியும், பின்னால் ஒரு 12 ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சளில் செய்கிறார்கள். பொக்கற்றில் இரண்டையும் கலக்கக்கூடாது.

துவக்கு எடுத்தால் கன்னத்துக்கு வரவில்லை, தோளில் சிக்குது. என்ன பிழை?

பெரும்பாலும் பிடி நீளம், அதாவது விசையில் இருந்து தோளில் படுகிற நுனி வரையான நீளம். கடையில் இருக்கிற துவக்குகள் நெடிய ஆட்களுக்கு அளந்தவை. நம்மவர்களில் பலருக்கு அது நீளம், அதற்கு மேல் அங்கே குளிருக்கு மொத்த ஜக்கெட் வேறு, அது இன்னும் ஒரு விரல்கடை நீளத்தைக் கூட்டும். வாங்கும்போது அந்த ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைக் கன்னத்துக்கு எடுத்து, பிறகு கண்ணைத் திறந்தால் குழலின் முதுகு நேராக உங்கள் பார்வைக்குக் கீழே இருக்க வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டி வந்தால் அது உங்கள் துவக்கு இல்லை. சில துவக்குகளோடு பிடியைக் கூட்டிக் குறைக்கிற தகடுகள் வரும், அவை பெட்டிக்குள்ளேயே கிடக்கும், யாரும் போடுவதில்லை.

சன்னம் சிதறிச் சுடுகிற இந்த வகைத் துவக்குக்கு, அதாவது சொட்கனுக்கு, பின் குறிப்பார்வை என்று ஒன்று தனியாக இல்லை. உங்கள் கண்தான் அது. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படாவிட்டால் குறியும் ஒவ்வொரு முறையும் வேறு இடம்.

ஈயச் சன்னம் ஏன் கூடாது?

தாரா தீனியை அரைக்கச் சிறு கல்லை விழுங்கும். சேற்றில் கிடக்கிற ஈயச் சன்னமும் அதற்குக் கல்தான். இரைப்பையில் அரைபட்டு இரத்தத்தில் ஏறும், ஒரு சில சன்னமே ஒரு பறவையைக் கொல்லும். செத்ததைத் தின்கிற கழுகுக்கும் அது போகும். அமெரிக்கா 1991 இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்க நிறுத்தியது, டென்மார்க் 1996 இல் எல்லா வேட்டையிலும், கனடா 1999, ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களில் 2023. ஈயம் பொக்கற்றில் இருந்தாலே அங்கே வழக்கு வரும், சுட வேண்டியதில்லை.

அப்போ எந்தச் சன்னம், எந்த நம்பர்?

இரும்புதான் எல்லோரும் பாவிக்கிறது. அடர்த்தி ஈயத்துக்கு 11 சொச்சம், இரும்புக்கு 7.8. அதே பருமனில் இரும்பு மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் பாரம், அதனால் வேகம் சீக்கிரம் விழும். இதை ஈடு செய்ய ஈயத்தில் பாவித்ததைவிட இரண்டு நம்பர் பெரிதாக எடுப்பார்கள், வெளிக்கிடும் வேகத்தையும் கூட்டுவார்கள்.

அமெரிக்க நம்பரில் ஒரு சுலபக் கணக்கு உண்டு: 17 இலிருந்து நம்பரைக் கழித்தால் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று வரும். 2 ஆம் நம்பர் என்றால் 0.15 அங்குலம், 4 ஆம் நம்பர் 0.13. நம்பர் கூடக் கூடச் சன்னம் சிறிது. பிபி என்பது அதையும்விடப் பெரிது, 0.18.

என் தெரிவு: பெரிய தாராவுக்கு 2, கிட்ட இறங்குகிற சின்னத் தாராக்களுக்கு 4, கனடா கூஸ் என்கிற பெரிய கனடா வாத்துக்கு பிபி. ஒன்றேகால் அவுன்ஸ் தோட்டாவில் 2 ஆம் நம்பர் ஏறத்தாழ 155 சன்னம், 4 ஆம் நம்பர் 240, பிபி 90 அளவில். பெரிதை எடுத்தால் எண்ணிக்கை போகும், எண்ணிக்கையை எடுத்தால் ஊடுருவல் போகும், இரண்டையும் ஒன்றாகத் தருகிற பெட்டியை யாரும் இன்னும் விற்கவில்லை. பிஸ்மத் அதற்குக் கிட்ட வரும், டங்ஸ்டன் இன்னும் பாரம், ஈயத்தையே மிஞ்சும், ஆனால் ஒரு பெட்டி வாங்கிய பிறகு ஒவ்வொரு வெடியும் மனதில் காசாகக் கேட்கும்.

மூன்றரை அங்குலத் தோட்டா வாங்கட்டுமா? நண்பன் 60 யாரில் விழுத்துகிறான்.

நண்பன் விழுத்தினதைச் சொல்கிறான், காயத்தோடு போனதைச் சொல்லமாட்டான். மூன்று அங்குலம் தாராவுக்குப் போதும். மூன்றரை என்பது 1980 களின் கடைசியில் இரும்புச் சன்னத்துக்கு இடம் கொடுக்க வந்தது, வாத்துக்கு அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் தோள் இடி கடுமை, நாலு வெடியில் ஆள் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கத் தொடங்குவான். இடிக்குப் பயந்தவன் குறி தப்பும், அதற்கு மருந்து பெரிய தோட்டா இல்லை.

அப்பாவின் பழைய இரட்டைக்குழலில் இரும்புச் சன்னம் போடலாமா?

வேண்டாம். பழைய குழல்கள் மெல்லிய சுவர், முன்வாய் இறுக்கமான சோக், ஈயம் நசிந்து போகும் என்று நம்பிச் செய்தவை. இரும்பு நசியாது. குழலில் கீறல் விழும், சோக் வாயில் வீக்கம் காணும். டமாஸ்கஸ் குழல் என்றால், அதாவது கம்பியும் பட்டையும் சுற்றி அடித்த கோடு கோடான குழல் என்றால், நவீனத் தோட்டா எதையுமே போடாமல் சுவரில் மாட்டுங்கள், லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டு.

சோக் என்றால் என்ன, எதைப் போடுவது?

குழலின் வாயைக் கொஞ்சம் ஒடுக்குகிற திருகுத் துண்டு. ஒடுக்கம் கூடினால் சன்னக் கூட்டம் கட்டியாகப் போகும், குறைந்தால் விரியும். இம்ப்ரூவ்ட் சிலிண்டர், மொடிஃபைட், ஃபுல் என்று ஏறிப் போகும். இரும்பு தானாகவே கட்டியாகப் போகிறது, அதனால் ஈயத்தில் ஃபுல் போட்ட இடத்துக்கு இரும்பில் மொடிஃபைட் போதும். கிட்ட இறங்குகிற இடத்தில் இம்ப்ரூவ்ட் சிலிண்டர். சோக்கில் இரும்புக்கு ஏற்றது என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மேல் சோக் பற்றி விவாதிக்கிறவர்கள் தாளில் சுட்டுப் பார்க்காதவர்கள்.

தாளில் சுடுகிறது என்றால்?

நாலடிச் சதுரமான தாளை நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, நீங்கள் உண்மையில் சுடுகிற தூரத்தில் இருந்து ஒரு வெடி. பிறகு சன்னம் அடர்த்தியாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் கீறி, உள்ளே விழுந்ததை எண்ணுங்கள். வழக்கமாகச் சொல்கிற தூரம் 40 யார், மீற்றரில் 36 சொச்சம். ஒரு தாளை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஒவ்வொரு வெடியும் வேறுபடும், ஒரே தோட்டா ஒரே சோக்கில் நாலைந்து தாள் வேண்டும்.

எண்ணுவது ஒரு பக்கம், நான் பார்ப்பது ஓட்டையை. தாரா உடம்பளவுக்கு ஒரு மட்டையை வெட்டி அந்த வட்டத்துக்குள் எங்கே வைத்தாலும் அதன் கீழ் நாலைந்து சன்னமாவது இருக்க வேண்டும். வைக்கிற இடத்தில் ஒன்று இரண்டுதான் என்றால் அந்தத் தூரம் உங்கள் துவக்குக்கு இல்லை, ஐந்து யார் கிட்ட வந்து மறுபடி சுடுங்கள். வட்டத்தின் நடுப்பகுதி நீங்கள் வைத்த புள்ளியில் இருந்து ஒரு சாண் மேலேயோ பக்கத்திலேயோ தள்ளிப் போயிருந்தால் தோட்டாவில் பிழை இல்லை, பிடியும் கன்னமும் பொருந்தவில்லை. அதே பெயர், அதே நம்பர் என்றாலும் வேறு கம்பனித் தோட்டா உங்கள் குழலில் வேறு மாதிரித்தான் விழும். ஒரு பின்னேரமும் இரண்டு பெட்டித் தோட்டாவும் செலவாகும். இரண்டாவது துவக்கு வாங்குகிற காசில் இது ஒரு துளி, ஆனாலும் எல்லோரும் இரண்டாவது துவக்கைத்தான் வாங்குகிறார்கள்.

பறவை எவ்வளவு தூரத்தில் என்று எப்படித் தெரியும்?

எல்லாக் கேள்வியும் இதில் வந்துதான் நிற்கும். வெறும் வானத்தில் தூரத்தை அளக்க மனிதக் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாதபடியால். 50 யாரில் போவது 35 போலத் தெரியும், சுடுவார்கள், இரண்டு இறகு உதிரும், பறவை போய் எங்கோ நாணலுக்குள் விழுந்து சாகும்.

வன்னிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறது பனை. நன்றாக முற்றிய பனை 20 இலிருந்து 30 மீற்றர் உயரம் வரும். பனையடியில் நின்று நிமிர்ந்து, வட்டுக்கு மேலால் போகிற கொக்கைப் பாருங்கள், காகத்தைப் பாருங்கள், கண் தெரிகிறதா, கால் தெரிகிறதா, இறகின் நிறம் பிரிகிறதா. அது ஏறத்தாழ 30 யார். இரண்டு பனை உயரத்தில் போகிறதைப் பாருங்கள், உருவம்தான் தெரியும், நிறம் மங்கும். இந்தப் பழக்கத்துக்குத் துவக்கு தேவையில்லை, காலபோக வயலுக்குப் போகிற வழியில் செய்யலாம். கனடாவில் பனை இல்லை, ஆனால் கண்ணுக்குள் பனை இருக்கும்: ஒரு பனைக்கு மேல் என்றால் துவக்கை எடுக்காதே. நம்மூரில் இருந்து போன பிள்ளைகள் இதை மட்டும் கொண்டு போனால் போதும் என்று நினைக்கிறேன்.

தரையிலும் ஒரு அடையாளம் வேண்டும். பொய்த் தாராக்களை மிதக்க விடும்போது கடைசிப் பொம்மையை 35 யாரில் வையுங்கள், அடி வைத்து அளந்து. அதற்கு அப்பால் இறங்குகிறதற்கு வெடி இல்லை. காற்று முதுகுக்கு வருகிற மாதிரி இருங்கள், தாரா காற்றுக்கு எதிரே இறங்கும், அப்போது அது உங்களை நோக்கி வரும். ஆட்கள் குறியைத் திருத்தக் காசு செலவழிக்கிறார்கள், உட்காருகிற இடத்தை மாற்றினாலே பாதி திருந்தும்.

பறவைக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும்?

தாரா மணிக்கு 65 கிலோமீற்றரில் குறுக்கே போகிறது என்று வையுங்கள், விநாடிக்கு 18 மீற்றர். 30 யாருக்குச் சன்னம் போய்ச் சேர ஏறத்தாழ விநாடியில் நூறில் எட்டுப் பங்கு எடுக்கும். அதற்குள் பறவை கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் போய்விடும். 40 யாரில் அது இரண்டு மீற்றரைத் தாண்டும், ஏனென்றால் தூரமும் கூடுகிறது, சன்னமும் களைக்கிறது. நேரே வருகிறதுக்கும் சரிந்து போகிறதுக்கும் இவ்வளவு தேவையில்லை.

கணக்கைச் சொல்லிவிட்டேன், இனி மறந்துவிடுங்கள். ஒன்றரை மீற்றர் என்று வானத்தில் அளந்துகொண்டு நின்றால் துவக்கு நின்றுவிடும், துவக்கு நின்றால் வெடி பின்னால் போகும். தப்புகிற வெடியில் பெரும்பாலானவை பறவைக்குப் பின்னால்தான். செய்ய வேண்டியது: பறவையின் பின்னால் இருந்து குழலைக் கொண்டு வந்து, வால், உடம்பு, அலகு என்று அதன் பாதையிலேயே கடந்து, அலகைத் தாண்டி வெளிச்சம் தெரிந்ததும் இழுங்கள், இழுத்த பிறகும் வீச்சை நிறுத்தாதீர்கள். பார்வை முழுக்கப் பறவையின் தலையில். குழலின் நுனி மணியைப் பார்த்தவன் தப்பினான். கூட்டமாக வந்தால் கூட்டத்துக்குச் சுடுகிறது என்று ஒன்று இல்லை, ஒன்றைத் தெரிந்து அதை முடித்துவிட்டு அடுத்தது.

ஒரு கண்ணை மூட வேண்டுமா?

இரண்டும் திறந்திருக்கட்டும், தூரமும் வேகமும் இரண்டு கண்ணால்தான் தெரியும். ஆனால் எந்தக் கண் ஆளுகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்தில் ஒரு மின்கம்பத்தை விரலால் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் கம்பத்தில் நிற்கிறதோ அது ஆளுகிற கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் குறி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். புதிதாகப் பழகுகிறவர் என்றால் இடத்தோளுக்கு மாறுவதே நல்லது, பழகிப்போனவர் கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுத் துண்டு வைக்கலாம்.

வெடி செலவில்லாமல் வீட்டில் பழகலாமா?

பழகலாம், அதுதான் அதிகம் உதவும். துவக்கு வெறுமையா என்று இரண்டு தரம் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாவை வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டு, கன்னத்துக்கு எடுக்கிறதை ஆறுதலாகச் செய்யுங்கள். குழலுக்குள் சின்ன ரோச் லைற்றைச் செருகி, சுவரும் கூரையும் சந்திக்கிற கோட்டில் அந்த வெளிச்சம் சீராக ஓட வேண்டும். துள்ளினால் கை துவக்கை இழுக்கிறது, இடுப்பு திரும்பவில்லை என்று அர்த்தம். இதை வன்னியில் செய்யாதீர்கள். யன்னலால் துவக்கு தெரிந்தால் அயலட்டைச் சனம் என்ன நினைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

களிமண் தட்டு சுடுகிற இடங்கள் அங்கே பரவலாக இருக்கின்றன. ஸ்கீற் என்கிற தட்டுச் சுடும் முறையில் குறுக்கே போகிற தட்டு வரும், தாராவுக்கு அது நல்லது. துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு தட்டைக் கேட்காமல் இடுப்பில் இருந்து எடுத்துப் பழகுங்கள், தாரா சொல்லிவிட்டு வராது. புள்ளி குறையும், குறையட்டும்.

காயப்பட்டு விழுந்தால்?

உடனே, தலை நிமிர்ந்திருந்தால் இன்னொரு வெடி. தண்ணீரில் நீந்துகிற தாரா முழுக உடம்பைத் தாழ்த்தும், அலகு மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நாணலுக்குள் போய்விடும். விழுந்த இடத்துக்கு நேரே கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் போக வேண்டும். சுட்டதை எடுப்பது அங்கே சட்டம். நாய் இல்லாதவன் நாணலுக்கு மேலால் போகிறதைச் சுடவே கூடாது என்பது என் கட்சி, நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேறு என்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீரில் தாழ்வாகச் சுட்டால் சன்னம் தெறித்து எழும், இரும்பு இன்னும் மோசம். ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கம் என்று விடிய முன் பேசிக்கொள்ளுங்கள், நடுவில் இருக்கிறவர் தலைக்கு மேலால் யாரும் வீசக்கூடாது. குழல் வாயில் சேறோ பனியோ அடைத்திருக்கிறதா என்று விழுந்தெழும்பிய ஒவ்வொரு முறையும் பாருங்கள். காதுக்கு அடைப்பு போடுங்கள். எங்களில் பலர் வெடிச்சத்தத்தில் ஏற்கெனவே போதுமானதைக் காதுக்குக் கொடுத்துவிட்டோம்.

கறி எப்படி?

நெல் தின்ற தாரா என்றால் கேட்கத் தேவையில்லை, மீன் தின்கிற வகை என்றால் வாசம் வரும். கனடா வாத்தின் நெஞ்சிறைச்சி மாடு போல, சின்னத் துண்டாக வெட்டி, யாழ்ப்பாணத்துக் கறித்தூளோடு மெதுவாக வேகவிட வேண்டும். சமைக்க முன் விரலால் நெருடிச் சன்னத்தை எடுங்கள், இரும்பைக் கடித்தால் பல்தான் உடையும்.

எனக்குச் சுட விருப்பமில்லை, பார்க்க மட்டும்தான். ஊரில் எங்கே போகலாம்?

கார்த்திகை முதல் மாசி வரை, விடியலில், 8 மடங்கு பெருக்குகிற தூரநோக்கி ஒன்றோடு. கட்டுக்கரையின் அலைகரை, வங்காலைக் கடனீரேரி, சுண்டிக்குளம், கொக்கிளாய். வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஊசிவால் ஆணின் வெள்ளைக் கழுத்தும் நீலச்சிறகி ஆணின் வெள்ளைப் புருவமும் தூரத்திலேயே பிரியும். மேலே சொன்ன பனைக் கணக்கை இங்கே பழகுகிறவர்கள் அங்கே போய் நன்றாகச் சுடுகிறார்கள், இங்கேயே இருந்துவிடுகிறவர்கள் நல்ல படம் எடுக்கிறார்கள்.

விடுமுறைக்கு வரும்போது இரண்டு தோட்டா, ஒரு வெற்றுக்கோது காட்டக் கொண்டு வரட்டுமா மாமா?

வேண்டாம் மருமகன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு தோட்டாவுக்கே விடுமுறை முழுக்க விசாரணையாகப் போகும், அதுவும் வன்னி விலாசம் என்றால் கேள்வி இன்னும் நீளும். வெற்றுக்கோதையும் விட்டுவிட்டு வா. வேட்டைக்குப் போன ஜக்கெட்டையோ பையையோ பயணத்துக்கு எடுக்காதே, எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு பொக்கற்றையும் வெளிப்பக்கமாகப் புரட்டி உதறிவிட்டு எடு. படத்தைப் போனில் கொண்டு வா, தாளில் சுட்ட வட்டத்தின் படமும் இருந்தால் நல்லது.